பற்றரி ஊறும் நேரம்

வள்ளத்தில் பூட்டிய இரண்டு பற்றரியையும் சாகடித்தது நான்தான். அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாரிகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

கொக்குவிலில் ரயில் கடவைக்குக் கிட்டப் பற்றரிக் கடை வைத்திருப்பவர் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உது தானாச் சாகேல்லை அண்ணை. நீங்கள்தான் சாக்காட்டிப் போட்டியள்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. செத்த சாமானை என் தலையில் கட்டிவிட்டு இப்போது என்னையே குற்றம் சொல்கிறாயா என்று கடை வாசலில் நின்று கத்தினேன். ரயிலுக்காகக் கடவையில் காத்து நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்பென்றால் நான் சண்டை பிடித்த இடத்துக்கு மறுநாள் என் மனைவி போய்ச் சிரித்துக் கதைத்துச் சமாதானம் செய்துவிட்டு வருவாள். அவள் செத்துப்போன பிறகு நான் போட்ட சண்டைகள் போட்டபடியே கிடக்கின்றன.

நான் பிறந்தது நீர்வேலியில். வாழைத் தோட்டம், மரக்கறித் தோட்டம், கிணறு, இறைப்பு மிசின், இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்த உலகம். தொழிலும் அதுதான். தோட்டக்காரரின் தண்ணீர் மிசின்களைத் திருத்திக் கொடுப்பது. கலியாணம் மட்டும் தொண்டைமானாற்றில் நடந்தது. தோட்டத்து ஆள் கடற்கரையில் பெண் எடுத்தால் இரண்டு பக்கமும் முகம் சுளிப்பார்கள். சுளித்தார்கள், பிறகு ஓய்ந்துவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய சீதன வீட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தோம். பிறகு நான் மட்டும் இருந்தேன்.

அடுத்த வளவும் அதிலுள்ள வீடும் மச்சானுடையவை. என் மனைவியின் மூத்த தமையன். எனக்கு ஏழு வயது மூத்தவர். அவருடைய மனைவி என் மனைவிக்கும் நாலைந்து வருடம் முன்னரே போய்விட்டார். ஒரே மகள் கனடாவில். ஆக, இரண்டு வளவு, இரண்டு கிழடு, நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அண்ணனும் தங்கையும் கறிக் கோப்பையோடு போய்வந்து உண்டான ஓட்டை அது. நானும் அவரும் அந்தப் பொட்டைப் பாவித்ததே இல்லை. நாங்கள் அவ்வளவாகக் கதைத்ததுமில்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து நான் அவருக்கு "நீர்வேலி"தான்.

என் மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சொந்தக்காரர் எல்லாரும் பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் விடிய அவர் அந்தப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"நீர்வேலி, எழும்பும். வள்ளத்துக்கு ஒரு ஆள் வேணும்."

அவருக்கு ஆள் தேவையே இல்லை என்பது எனக்கே தெரியும். ஆனாலும் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். அன்று தொடங்கியது. கடல்நீரேரி என்று படித்தவர்கள் சொல்லுவார்கள், எங்கள் வாயில் அது ஆறு. ஆற்றுக்குள் ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல், தூரத்தில் மச்சானுடைய நண்டு வலைகள். விடிய ஆறு மணிக்குப் போய், வலையைத் தூக்கி, நண்டைக் கழற்றி, வலையை அதே இடத்தில் திரும்ப விட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் கரைக்கு வந்துவிடுவோம். அதற்குப் பிறகு எனக்கு அடுத்த நாள் விடியும்வரை கதைக்க ஆள் இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் சோற்றை நாய்க்குக் கொட்டிக்கொட்டி அலுத்துப்போய், மத்தியானத்தில் சந்நிதிக் கோயிலின் அன்னதான மடத்து வரிசையில் போய் உட்காரத் தொடங்கியிருந்தேன். பக்கத்தில் நாலு பேர் சாப்பிடுகிற சத்தமாவது கேட்கும்.

வள்ளத்திலும் அப்போது கதை பெரிதாக இல்லை. மண்ணெண்ணெய் எஞ்சின் போடுகிற சத்தத்தில் "பிடியும்", "விடும்", "குனியும்" என்று கத்துவதோடு சரி. மண்ணெண்ணெய் இல்லாமல் ஊரே கானோடு வரிசையில் நின்ற வருடம் மச்சான் எஞ்சினை விலைக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தடிதான். நீண்ட தடியை அடிச்சேற்றில் ஊன்றி வள்ளத்தைத் தள்ளுவதை இங்கே தாங்குவது என்பார்கள். ஒன்றரைக் கட்டை போக, ஒன்றரைக் கட்டை வர. மச்சானுடைய வலது தோள்மூட்டு கழன்றுவிடும் போலாயிற்று. நான் தாங்கினால் வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றும். கரையில் நிற்கிறவர்கள், "நீர்வேலியார் ஆத்தை உழுகிறார்" என்று பகிடி பண்ணுவார்கள்.

ஒருநாள் வலை தூக்கும்போது மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

"இனி ஏலாது. ஆடி முடிய வள்ளத்தைக் குடுத்துப்போட்டு மகளிட்டைப் போப்போறன். அவளும் எத்தினை நாளாய் வா வா எண்டு நிக்கிறாள்."

"ஓம், அதுவும் நல்லதுதான்" என்று சொன்னேன். நல்லதென்று நான் ஒரு துளியும் நினைக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வள்ளம் போனால் மச்சான் போவார். மச்சான் போனால் அந்த விடியல் மூன்று மணித்தியாலமும் போகும். பிறகு நாள் முழுக்க என்னுடைய செருப்புச் சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அன்று வீட்டுக்கு வந்து அவள் சமைத்த குசினியின் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பிறகு பொட்டுக்குள்ளால் குனிந்து அவருடைய வளவுக்குப் போனேன். அதுதான் முதல்முறை.

"மச்சான், கரண்ட் மோட்டர் ஒண்டு பூட்டுவம். பற்றரியிலை ஓடுறது. எண்ணெயும் வேண்டாம், தாங்கவும் வேண்டாம்."

கதிரையில் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கு விசரே?"

"ஒரு மாதம் ஓட்டிப் பாப்பம். சரிவராட்டி விடுங்கோ."

"சரி, ஒரு மாதம். மோட்டர் நடுவிலை நிண்டு நான் ஒருக்காத் தடி தூக்க வந்தால் கதை முடிஞ்சுது. பேந்து என்னோடை வந்து நிக்கக்கூடாது."

வெளிநாட்டிலிருந்து பழைய சாமான் இறக்கி விற்கிற ஒருவரிடம் மோட்டர் கிடைத்தது. நீளக் கம்பி ஒன்றின் நுனியில் பாகற்காய் அளவு மோட்டர், அதில் ஒரு சின்னக் காற்றாடி. பற்றரிக்குத்தான் கொக்குவில் கடைக்குப் போனேன். பழைய வான் வண்டியில் பாவித்துக் கழற்றிய இரண்டு பற்றரி தந்தார். தரும்போதே சொன்னார். பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் சொன்னார்.

"அண்ணை, இது ஸ்டார்ட் அடிக்கிற பற்றரி. சார்ஜைப் பாதிக்குக் கீழை இறக்காதேங்கோ. இறக்கினால் தாங்காது."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். காதில் ஏறவில்லை. அரைக் கிணற்றோடு இறைப்பை நிறுத்து என்று நீர்வேலியில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். அங்கே மிசினைப் போட்டால் கிணற்றின் அடிக்கல் தெரியும்வரை இறைப்போம். பிறகு மிசினை நிறுத்திவிட்டு வாழைக்குக் கீழே குந்தியிருப்போம். கல்லிடுக்கால் தண்ணீர் ஊறி வரும். ஊறியதும் திரும்பவும் மிசின். கிணறு அப்படித்தான், மனிதனுக்குப் பொறுமை இருந்தால் அதற்கும் தண்ணீர் இருக்கும். இன்னொன்றும் இருந்தது. யுத்த காலத்தில் பற்றரி கொண்டுவரத் தடை. டோர்ச்லைற் பற்றரி ஒன்று கிடைத்தால் அது பொன். செத்துப்போனதைக் கூரையில் வெயிலில் காயவைத்து எடுத்தால் இன்னும் அரை மணித்தியாலம் றேடியோவில் செய்தி கேட்கலாம். நானே எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். ஆகவே பற்றரியும் ஊறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் சொல்லியும் கேட்கிற ஆள் நானும் இல்லை.

முதலில் கிணற்றடித் தொட்டியில் மோட்டரை இறக்கிப் பார்த்தேன். சுவிட்சைத் தட்டியதும் தொட்டித் தண்ணீர் முழுதும் எழும்பிக் கொடியில் காய்ந்த என்னுடைய இரண்டு சாறத்தையும் நனைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சிரித்துக் கேட்டு வருடக்கணக்காகியிருக்கும்.

வள்ளத்தின் நடுப் பலகைக்குக் கீழே இரண்டு பற்றரியையும் மரப்பலகை மேல் வைத்துக் கட்டினேன். பற்றரியை வெறும் தளத்தில் வைத்தால் இறங்கிவிடும் என்று மச்சான் ஒரே பிடியாக நின்றார். அது மெய்யோ பொய்யோ, நான் மறுத்துக் கதைக்கவில்லை. பற்றரிக்குள் தண்ணீர் குறைந்தால் விடுவதற்குப் போத்தலில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, தேநீர்க் கேத்திலையே வெள்ளையாக்கிவிடும். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன்.

முதல்நாள் வெளிக்கிட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. சத்தமே இல்லை. வள்ளம் தன்பாட்டில் போகிறது. தண்ணீர் பக்கப் பலகையில் தட்டுகிறது, கரையில் யாரோ பல் விளக்கிக் காறுகிறது கேட்கிறது. சந்நிதி மணி அடித்ததும் மச்சான் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "எஞ்சினுக்கு எஞ்சின் சத்தம், தாங்கினால் மூச்சு வாங்கிற சத்தம். இத்தனை வருசம் இஞ்சை மணிச்சத்தம் கேக்கேல்லை" என்றார். கத்திப் பழகியவர்களுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் திரும்பி வரும்போது மோட்டர் மெலிந்தது. பிறகு முனகியது. பிறகு நின்றது. கரைக்கு இன்னும் அரைக் கட்டை இருந்தது. மச்சான் தடியைப் பார்த்தார்.

"தடியைத் தொடாதேங்கோ! இது நிக்கேல்லை" என்றேன்.

"பேந்து?"

"ஊறுது."

"என்னது?"

"பற்றரி ஊறுது மச்சான். கிணறு மாதிரி. கொஞ்சம் பொறுத்தால் ஏறும். கெதியா அடிச்சால் இறங்கும், விட்டால் ஊறும். இருந்து பாருங்கோ."

வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம்."

மடியிலிருந்து வெற்றிலைச் சரையை எடுத்தார். ஒரு வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவினார். இருந்தோம். இருபது நிமிடம் நடு ஆற்றில் சும்மா இருப்பது இலேசுப்பட்ட காரியமில்லை. பார்க்கிறதெல்லாம் பார்த்து முடித்தபிறகு மனிதன் கதைத்துத்தான் ஆகவேண்டும். அவர் தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கிற கண்ணா மரப் பக்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "உந்த இடத்திலைதான் உம்மடை மனுசி ஒருக்கா வலைக்குக் கீழை ஒளிச்சிருந்து வந்தவள்" என்றார். ஏழு வயதில், தகப்பனுக்குத் தெரியாமல். பாதி வழியில் தும்மி அகப்பட்டாளாம். தகப்பன் அடிக்கக் கையை ஓங்க, "எனக்கு அடிச்சால் நான் குதிப்பன்" என்றாளாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவள் இதை எனக்குச் சொல்லவில்லை.

கதை முடிய மோட்டரைத் தட்டினேன். ஓடியது. முன்னைப்போல இல்லை, ஆனால் ஓடியது. இறங்கித் தள்ளுகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்த இடம்வரை கொண்டுவந்து சேர்த்தது.

"தடி தூக்கேல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"தூக்கேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அது நடந்தது. போகும்போது ஓடும், வரும்போது ஒரு இடத்தில் நிற்கும், ஊறும், ஓடும். இருபது நிமிடம் அரை மணித்தியாலமாயிற்று. நான் வீட்டிலிருந்து போத்தலில் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணீர், கொண்டுபோகத் தொடங்கினேன். அவர் பாணும் சம்பலும் கொண்டுவந்தார். ஒரு நாள் நான் பகிடியாக, அவளுக்கும் எனக்கும் ஒரே பொருத்தம், இரண்டு பேருக்கும் தண்ணீர் என்றால் பயம் என்று சொன்னேன்.

"ஆருக்குப் பயம்?" என்றார் மச்சான்.

"அவளுக்குத்தான்."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"அவள்தான் சொன்னவள். கலியாணம் முடிஞ்ச புதுசிலை."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடலில் குளிக்கலாம் வாரும் என்று மச்சானும் அவருடைய தம்பிமாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் முழங்கால் தண்ணீரில் சாறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்க, இவரும் தம்பிமாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கரைக்கு வந்து மணலில் குந்தினேன். அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். "எனக்கும் தண்ணி எண்டால் பயம், இஞ்சையே இருப்பம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. குளிப்பெல்லாம் கிணற்றடியில்தான்.

மச்சான் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "நீர்வேலி, பாலத்துக்குக் கீழாலை உந்தக் கரையிலை இருந்து அந்தக் கரைக்கு மூச்சு விடாமல் சுழியோடிறவள் அவள். எங்கள் ஒருத்தராலையும் அவளைப் பிடிக்க ஏலாது. தண்ணிக்குள்ளை மீன் அவள்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்தெட்டு வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறாளே! வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த அவளுடைய படத்துக்கு முன்னால் நின்று, "கள்ளி, பெரிய கள்ளி" என்று ஏசினேன். வாசலில் கடல். கடலில் நீந்தப் பிறந்தவள் ஒரு பயந்தாங்கொள்ளிக்காகக் கிணற்று வாளியோடு காலத்தைத் தள்ளியிருக்கிறாள். பிறகு அழுதேன். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

இப்போது வெட்கமான இடத்துக்கு வருகிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் போகும்போதே மோட்டரை முழு வேகத்தில் வைக்கத் தொடங்கினேன். அப்படி அடித்தால் கெதியாக இறங்கும் என்று எனக்குத் தெரியும். இறங்கினால் நடுவில் நிற்கும். நின்றால் மச்சான் வாய் திறப்பார். இருபத்தெட்டு வருடத்தில் எனக்குத் தெரியாமல் போன பெண்ணை ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் அவர் எனக்குத் தந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் பற்றரியின் அடிக்கல்லைப் பார்த்தேன். சார்ஜரில் போட்டால் கொதிக்கிற சத்தம் கேட்டது. பெட்டியின் பக்கம் லேசாக ஊதியிருந்தது. எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எந்த மோட்டர் மச்சானை ஊரில் நிறுத்தி வைக்கும் என்று பூட்டினேனோ அதை நானே அறுத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் தென்மேற்குச் சோளகக் காற்று விடியவே எழும்பிவிட்டது. வலையைத் தூக்கித் திரும்பிய கொஞ்சத் தூரத்திலேயே மோட்டர் நின்றது. "ஊறட்டும்" என்றேன். இருபது நிமிடம் போயிற்று. தட்டினேன், ஒரு முனகல் மட்டும். நாற்பது நிமிடம் போயிற்று. முனகலும் இல்லை. காற்று எங்களைக் கரைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போனது. வள்ளத்துக்குள் தண்ணீர் அடித்தது. மச்சான் தடியைப் பார்த்தார். நான் பாய்ந்து எடுத்தேன். ஊன்றினேன், தள்ளினேன், வள்ளம் வட்டம் சுற்றியது. திரும்பவும் ஊன்றினேன், தடி சேற்றில் இறுகிக்கொண்டது, இழுத்த இழுவையில் நான் மல்லாக்க விழுந்து நண்டுப் பெட்டிமேல் கிடந்தேன்.

"இஞ்சை தாரும்."

"வேண்டாம் மச்சான், உங்கடை தோள்..."

"தாரும் எண்டுறன்!"

ஒன்றேகால் மணித்தியாலம் அவர் தாங்கினார். நான் முன்பக்கத்தில் இருந்து கோப்பையால் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். ஒவ்வொரு ஊன்றலுக்கும் அவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் இருந்திருந்தால் அது எனக்குக் கேட்டிருக்காது. கரைக்கு வந்தபோது அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. சேட்டின் பொத்தானை நான்தான் கழற்றிவிட்டேன்.

தோளில் நரம்பு கிழிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். மகள் ரெலிபோனில் அழுதாள். பிறகு டிக்கெட் அனுப்பினாள். சந்நிதித் தேரைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று மச்சான் பிடிவாதமாக நின்றதால் எனக்கு இன்னும் சில கிழமைகள் கிடைத்தன. அந்தக் கிழமைகளில்தான் பற்றரியைக் கொக்குவிலுக்குக் கொண்டுபோனதும், அந்தச் சண்டை போட்டதும்.

தேர் முடிந்த அடுத்த நாள் பின்னேரம் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் கட்டுகிறார், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் வாயில் வழக்கமான பொய்தான் வந்தது.

"உந்தக் கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் மச்சான். நல்ல பற்றரி தந்திருந்தால் நீங்கள் போகத் தேவையில்லை."

"அவனை ஏன் இழுக்கிறீர், பாவம்" என்றார். முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். "உம்மடை பற்றரி அஞ்சாம் நாளே போயிட்டுது. பற்றரி ஊறாது எண்டு எனக்குத் தெரியாதே? முப்பது வருசம் பற்றரி வெளிச்சம் வைச்சு மீன் பிடிச்சனான். இறக்கின பற்றரியை அடிச்சால் அது செத்துப்போம்."

நான் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டேன். "அப்ப ஏன் மச்சான் சொல்லேல்லை?"

"சொன்னால் உடனை தடியைத் தூக்கி வீட்டை வந்திருக்கவேணும்." பெட்டியை ஒரு தரம் தட்டினார். "வீட்டை வந்து என்ன செய்யிறது, நீர்வேலி?"

மறுநாள் விடிய அவரை ஏற்றிப்போக வான் வண்டி வந்தது. வள்ளத்தை அவர் விற்கவில்லை. வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக்கோவையை என் கையில் வைத்து, "வளவைப் பாத்துக்கொள்ளும்" என்றார். வள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது கரையில் அப்படியே கிடந்தது.

அந்த மாரி முழுக்க நான் வீட்டைவிட்டு அதிகம் வெளிக்கிடவில்லை. மழை பெய்தது, ஓட்டிலிருந்து ஒழுகியது, வாளி வைத்தேன், நிரம்பியது, ஊற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டாகவே கிடந்தது. அந்தப் பொட்டைக் கிடுகு வைத்து அடைத்தால் நாய் போகாது என்று ஒருவர் சொன்னார். உம்முடைய வேலையைப் பாரும் என்று அவரோடும் சண்டை பிடித்தேன்.

தை பிறந்து மழை விட்டதும் கொக்குவிலுக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார், அடிக்க வருகிறான் என்று நினைத்திருப்பார். "தம்பி, நான்தான் சாக்காட்டினனான். நீர் சொன்னனீர், நான் கேக்கேல்லை" என்றேன். மனிதர் ஒரு கணம் திகைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்ரீ வந்தது. என் மனைவி எனக்காகச் செய்துவந்த இந்தச் சமாதான வேலை எவ்வளவு கஷ்டமானது என்று அன்று விளங்கியது.

இந்தமுறை புதுவிதமான லிதியம் பற்றரி. பாரம் குறைவு. பெட்டியின் மேல் நூற்றுக்கு எத்தனை வீதம் சார்ஜ் மிச்சம் என்று இலக்கம் காட்டும். "உது கடைசி மட்டும் ஒரே வேகத்திலை ஓடும் அண்ணை. நீங்கள் போற தூரத்துக்கு ஏழெட்டுத் தரம் போய்வரலாம். நடுவிலை நிக்கவே நிக்காது" என்று சொல்லி அனுப்பினார்.

மெய்தான், நிற்கவில்லை. மச்சானுடைய வலைகளைத் தைத்து நானே விட்டேன். தாங்கத் தெரியாவிட்டாலும் சுவிட்சைத் தட்டத் தெரியும். ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறேன். மணிச்சத்தம் வரும்போது கும்பிடுகிறேன். யாரும் என்னை நீர்வேலி என்று கூப்பிடுவதில்லை. சில நாட்களில், கரையில் நண்டு வாங்க வருகிற பெண்ணிடம் "ஓம்" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு என் குரலை நானே முதலில் கேட்பேன்.

போன மாசி மாதம் ஒரு விடியல். திரும்பி வந்துகொண்டிருந்தேன். கண்ணா மரங்களுக்கு நேரே, நாங்கள் வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. ஏன் என்று தெரியாது, கை தானாகப் போய்ச் சுவிட்சை நிறுத்தியது. வள்ளம் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ரெலிபோன் அடித்தது. மச்சான். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்.

"எங்கை நிக்கிறீர்?"

"நடு ஆத்திலை."

"ஏன், என்ன, நிண்டுபோச்சே?"

"இல்லை மச்சான். பற்றரி ஊறுது."

அந்தப் பக்கம் கதிரை ஒன்றை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"இஞ்சை வெளியாலை ஒரே பனி" என்றார். "மகளும் மருமகனும் இரவு வேலைக்குப் போயிட்டினம். சன்னலடியிலை இருக்கிறன். ரோட்டிலை ஒரு சனம் இல்லை." பிறகு கேட்டார்: "அவள் பன்னிரண்டு வயசிலை ஒரு கடலாமையைப் பிடிச்சுக்கொண்டு வந்து கிணத்துக்குள்ளை விட்ட கதை உமக்குச் சொன்னனானே?"

"இல்லை" என்றேன்.

சொன்னார். ஆமையைத் தகப்பன் கண்டுபிடித்தது, கிணறு இறைத்தது, அவள் கிணற்றுக்குள் இறங்கி ஆமையைத் தூக்கிக்கொண்டு ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது எல்லாம் சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சூரியன் மேலே வந்து முதுகு சுடத் தொடங்கியது. பெட்டியில் நண்டுகள் ஒன்றோடொன்று கறுமுறுவென்று உரசிக்கொண்டிருந்தன.

கதை முடிந்தது.

"ஊறீட்டுதே?" என்று கேட்டார்.

குனிந்து பெட்டியைப் பார்த்தேன். எண்பத்தெட்டு வீதம் என்று காட்டியது.

"இன்னும் இல்லை மச்சான்" என்றேன்.